நெல் வயலின் முதல் மாதம் சிலந்திக்கு உரியது

நடவு முடிந்த சில நாட்களில், தேங்கிய தண்ணீருக்கு மேலே கொசு போன்ற சிறு பூச்சிகள் கூட்டமாகப் பறக்கும். சேற்றைக் கையில் அள்ளினால் சிவப்பு நூல்போலப் புழுக்கள் நெளியும். பயிரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இலை சுருண்டிருக்கும். இதைப் பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓடுகிற வழக்கம் காவிரிப் படுகையில் வேரூன்றிவிட்டது. அந்த முதல் தெளிப்புதான் பின்னால் வரும் புகையான் என்னும் தத்துப்பூச்சிக்கு வழி திறந்துவிடுகிறது.

சிவப்புப் புழுக்கள் நெல்லைத் தொடுவதில்லை. கடிக்காத ஒருவகைச் சிறுகொசுவின் இளம் பருவம் அவை. மட்கும் வைக்கோலையும் தழையையும் பாசியையும் தின்று வளர்கின்றன. தட்டானின் இளம் பருவமும் நீர்வண்டுகளும் மீன் குஞ்சுகளும் அவற்றைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துத் தின்னும். தப்பிச் சிறகு முளைத்து மேலே வருபவை சிலந்திக்கு இரை. புகையான் பெருகுவதற்கு முன்பே சிலந்திகள் இப்படித் தின்று கொழுத்து, முட்டையிட்டுப் பெருகிவிடுகின்றன. ஓர் ஓநாய் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள்வரை தின்னும். ஆய்வாளர் வில்லியம் செட்டிலும் அவருடைய குழுவினரும் ஜாவா தீவின் நெல் வயல்களில் இதை விரிவாக ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டார்கள். வயலில் மட்குப்பொருள் கூடியபோது புழுக்கள் கூடின. அவற்றை உண்ணும் பூச்சிகளும் சிலந்திகளும் கூடின.

சிலந்தியைக் கொன்றால் புகையான் பெருகும் என்ற பாடத்தை இந்தோனேசியா பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. 1984-இல் அரிசியில் தன்னிறைவு கண்ட அந்த நாட்டை அடுத்த இரண்டே ஆண்டுகளில் புகையான் உலுக்கியது. பூச்சிமருந்து விலையில் பெரும்பகுதியை அரசே மானியமாகக் கொடுத்துவந்த காலம் அது. மருந்துக்குப் பஞ்சமே இல்லை. மருந்து அடித்த வயலில்தான் புகையான் பெருகுகிறது என்பதைப் பூச்சியியல் ஆய்வாளர் பீட்டர் கென்மோர் பிலிப்பைன்ஸில் அதற்கு முன்பே காட்டியிருந்தார். 1986-இல் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார். 1989-இல் மானியமும் நின்றது. விளைச்சல் விழவில்லை.

மருந்து அடித்தும் பூச்சி பெருகுவது ஏன்? புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைக்கிறது. தெளிப்பு அங்கே சரியாகப் போய்ச் சேராது. வெளியே திரியும் சிலந்தியும் சிறுகொசுவும் செத்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது, அவற்றைத் தின்ன வயலில் ஆள் இருக்காது. சிலந்தி மீண்டும் பெருக நாளாகும்; புகையானுக்கு அவ்வளவு நாள் தேவையில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதுச் செய்தியும் அல்ல. புகையானை மீண்டும் பெருக்கிவிடும் செயற்கை பைரித்ராய்டு மருந்துகளைத் தவிர்க்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே சொல்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் தென்பட்டால் நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டுவரை பொறுக்கலாம் என்பதும் அதே பல்கலைக்கழகத்தின் கணக்குதான். இந்தக் கணக்கு விவசாயியின் காதுக்கு வருவதற்குள் மருந்துக் கடைக்காரரின் ஆலோசனை வந்துவிடுகிறது. பழி விவசாயியுடையது அல்ல. கடன் வாங்கி நட்ட பயிரில் இலை சுருண்டால் யாருக்கும் மனம் பதறும். இளம் பயிர் புது இலை விட்டு அந்தச் சேதத்தை ஈடுகட்டிவிடும் என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆளை அனுப்புவது வேளாண்மைத் துறையின் வேலை. பசுந்தாள் உரப் பயிர்களான தக்கைப்பூண்டு, சணப்பை ஆகியவற்றின் விதைகளை அரசு ஏற்கெனவே மானியத்தில் தருகிறது. மடக்கி உழுத அந்தத் தழை மண்ணுக்கு மட்டும் உரமாவதில்லை. சேற்றுப் புழுவுக்கும் உணவாகிறது. விதைப் பையோடு இதையும் சொல்லி அனுப்பலாம். நடவிலிருந்து முதல் 30 நாள் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம் என்பதை, வரும் சம்பாவிலாவது ஒவ்வொரு வேளாண் விரிவாக்க மையமும் தன் வாசலில் எழுதி வைக்கட்டும்.