பள்ளிவாசலில் பெண்கள்: தடுப்பது மார்க்கமா, நம் மனமா?

2020 ஜனவரியில் அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. பெண்கள் பள்ளிவாசலுக்கு வந்து தொழ மார்க்கத்தில் அனுமதி உண்டு, ஆனால் ஆண்களைப் போல் ஜமாஅத்துடன் தொழுவது அவர்கள் மீது கடமையில்லை என்பதே அதன் சாரம். வழக்குத் தொடுத்தவர்கள் புனேயைச் சேர்ந்த முஸ்லிம் தம்பதியர். நமக்குள் பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம் நீதிமன்றப் படியேறியது வேதனைதான். வாரியம் அப்படிச் சொன்ன பிறகும் நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் நிலைமை மாறவில்லை.

ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "நம்ம ஊர்ல அப்படி வழக்கம் இல்லை" என்பார்கள். சற்று அழுத்திக் கேட்டால் "ஃபித்னா வந்துடும்" என்பார்கள். இன்னும் கேட்டால், கேட்டவரின் ஈமானே சந்தேகத்துக்கு உள்ளாகும்!

மனிதனின் சொந்த விருப்பு வெறுப்பு ஸஹாபாக்களிடமும் இருந்தது. உமர் (ரலி) அவர்களின் மனைவியரில் ஒருவர் சுப்ஹுக்கும் இஷாவுக்கும் பள்ளிக்குச் செல்வார். அது உமருக்குப் பிடிக்காது; ரோஷம் மிகுந்தவர். ஆயினும் அவர் தடுக்கவில்லை. அல்லாஹ்வின் அடிமைப் பெண்களைப் பள்ளிகளை விட்டும் தடுக்காதீர்கள் என்ற நபி (ஸல்) அவர்களின் சொல் அவரது கையைக் கட்டிப்போட்டிருந்தது. இது புகாரியில் பதிவாகியிருக்கிறது. அவரது மகன் இப்னு உமர் (ரலி) இதே நபிமொழியைச் சொன்னபோது, அவரது மகன்களில் ஒருவர், "பெண்கள் இதைச் சாக்காக்கிக்கொள்வார்கள், நாங்கள் தடுப்போம்" என்ற பொருளில் பேசினார். தந்தை அவரைக் கடுமையாக ஏசினார். நபிமொழிக்கு எதிரில் மகன் தன் கருத்தை வைத்ததை அவரால் தாங்க முடியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுவோம். பிற்காலப் பெண்களின் போக்கை நபியவர்கள் கண்டிருந்தால் தடுத்திருப்பார்கள் என்ற கருத்து ஆயிஷா (ரலி) அவர்களிடமிருந்து வந்திருக்கிறது. பிற்கால ஹனஃபி அறிஞர்கள் தங்கள் காலச் சூழலைப் பார்த்து, பெண்கள் வருவதை வெறுத்ததற்கும் அது ஓர் ஆதாரம். அது ஆய்ந்து எடுத்த முடிவு, மதிக்கிறோம். ஆனால் அவர்கள் பார்த்த சூழலில் பெண் பெரும்பாலும் வீட்டிலிருந்தாள். இன்று நம் மகள் கல்லூரிக்குப் போகிறாள், மனைவி வங்கிக்கும் ஜவுளிக்கடைக்கும் போகிறாள். அங்கெல்லாம் வராத ஃபித்னா பள்ளிவாசல் வாசலில் மட்டும் வருகிறது!

காயல்பட்டினத்தில் பெண்கள் தொழுவதற்கென்றே தைக்காக்கள் உண்டு. தவ்ஹீது பள்ளிகளில் பெண்களுக்குத் தனி இடம் உண்டு. இரண்டு தரப்பும் மற்ற எதில் ஒத்துப்போகிறார்களோ இல்லையோ!

பயணத்தில் இருக்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அஸர் நேரம். தந்தையும் மகனும் உள்ளே தொழுதுவிட்டு வருகிறார்கள். தாயும் மகளும் காரில் உட்கார்ந்திருக்கிறார்கள். மஃக்ரிப் நெருங்கும்போது வீடு இன்னும் நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரு தடுப்புத் திரை, ஒளூ செய்ய ஒரு குழாய், தனியாக ஒரு வழி. அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் யாராவது இதை எழுப்பினால், மறுப்பவர் தன் விருப்பத்தைச் சொல்கிறாரா, ஆதாரத்தைச் சொல்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.