சட்டம் இருந்தால் போதுமா?

தாமலில் கூட்டம் முடிந்ததும் நெசவாளிப் பெரியவர் ஒருவர் நம்மைக் கேட்டார்: "ஏன் தோழர், குற்றமே செய்யாதவனையும் உள்ளே தள்ளச் சட்டம் இருக்கிறதாமே, அது நியாயமா?"

1950-ல் தோழர் ஏ.கே. கோபாலன் சுப்ரீம் கோர்ட்டில் கேட்டதும் இதுதான். குடியரசு பிறந்து ஒரே மாதத்தில் தடுப்புக்காவல் சட்டம் வந்தது. ஏற்கெனவே சிறையிலிருந்த அவருக்கு மார்ச் 1-ந் தேதி அதன்கீழ் புது உத்தரவு!

நியாயமான சட்டமுறையின்றி எவருடைய சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்று அமெரிக்க அரசியல் சட்டம் 1791-லேயே சொன்னது. (அன்று அங்கே கறுப்பு மக்கள் அடிமைகள்.) அதே வாசகத்தைக் காட்டித்தான், ரொட்டித் தொழிலாளிக்குத் தினம் 10 மணி நேர வேலை என்ற நியூயார்க் சட்டத்தை 1905-ல் அந்நாட்டுக் கோர்ட்டு ரத்து செய்தது. நீதிபதிகளுக்கு அந்த அதிகாரம் வேண்டாமென்று அமெரிக்க ஜட்ஜ் ஃபிராங்க்ஃபர்ட்டரே நம் பி.என். ராவிடம் சொன்னார். நம் 21-வது பிரிவில் "சட்டம் வகுத்த நடைமுறை" என்று மட்டும் எழுதினார்கள். முதலாளிக்குச் செய்த பூட்டு தொழிலாளியின் மேலேயே விழுந்தது.

மே 19-ல் தீர்ப்பு. கைதுக்கான காரணத்தைக் கோர்ட்டில்கூடச் சொல்லக்கூடாது என்ற ஒரு விதி மட்டும் செல்லாது. மற்றபடி சட்டம் செல்லும் என்றது பெரும்பான்மை. ஃபஸல் அலி மாறுபட்டார். நடைமுறை நியாயமாகவும் இருக்கவேண்டும் என்று கோர்ட்டு ஒப்புக்கொள்ள 1978-ல் மேனகா காந்தி வழக்கு வரவேண்டியிருந்தது.

ஆனாலும் 22-வது பிரிவு தடுப்புக்காவலுக்கு இன்றும் வழிவிடுகிறது. 1982-ன் குண்டர் சட்டத்தில் ஓராண்டு வரை அடைக்கலாம். ஆலோசனைக் குழுவின்முன் வக்கீல் வைக்கும் உரிமை கிடையாது. அந்த வழியை அடைக்கச் சொல்லித்தான் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் என்றோம். பெரியவர், முதல் கையெழுத்து தன்னுடையது என்றார்.