அடும்பை விட்டுவிடுங்கள்!



தூத்துக்குடி என்றதும் உங்களுக்கு என்னென்ன நினைவுக்கு வருகிறது? முத்து, உப்பு, துறைமுகம், மக்ரூன்... பட்டியல் இப்படித்தான் நீளும். முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோய்விட்டது. ஆனாலும் ஊருக்கு இன்னும் 'முத்துநகர்' என்ற பெயர் மாறவில்லை. அதே ஊர்க் கடற்கரை மணலில் காலையில் பூத்து, அன்றைக்கே வாடிப்போகும் ஒரு பூ இருக்கிறது. அதன் பெயரைக் கேட்டால் மட்டும், கடலுக்குப் பக்கத்திலேயே வீடு இருக்கிற பிள்ளைகள்கூட விழிக்கிறார்கள்!

அதன் பெயர் அடும்பு. அடப்பங்கொடி என்றும் சொல்வார்கள். ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறம். திருவிழாவில் கட்டுகிற குழாய் ஒலிபெருக்கி மாதிரி வடிவம். இலையைப் பார்த்தால் உடனே அடையாளம் தெரிந்துவிடும். நுனி இரண்டாகப் பிளந்து, ஆட்டுக் குளம்பு போலவே இருக்கும். இதன் அறிவியல் பெயரான 'ஐபோமியா பெஸ்-கேப்ரே' என்பதிலும் 'ஆட்டின் பாதம்' என்ற பொருள் இருக்கிறது. நாம் அவித்துச் சாப்பிடுகிற சர்க்கரைவள்ளி இதற்கு நெருங்கிய சொந்தம்.

சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்களைச் சொல்கிறார். அதில் அடும்பும் ஒன்று. மலையைப் பற்றிய பாட்டில் கடற்கரைப் பூவுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? கபிலர் ஏன் சேர்த்தாரோ... ஆனால் மிக உயர்ந்த மலைகளில் பூக்கும் பூக்களுக்கும், இந்த அடும்புக்கும் உள்ள ஒற்றுமையைப் பார்த்தால், அவர் சேர்த்தது பொருத்தம் என்றுதான் தோன்றுகிறது.

இமயமலையில் பிரம்ம கமலம் என்று ஒரு பூ உண்டு. உத்தரகண்ட் மாநிலத்தின் மலர் அது. நம் தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். பிரம்ம கமலமோ சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் பூக்கும். அங்கே மரங்கள் கிடையாது, காற்று அறையும், குளிரில் நிலத்தில் உள்ள நீர் உறைந்துவிடும். சுற்றிலும் பனி கிடந்தாலும் வேரால் ஒரு சொட்டுக்கூட உறிஞ்ச முடியாது. அதனால் இந்தச் செடி உயரமாக வளர ஆசைப்படுவதில்லை. வெளிறிய, காகிதம் போன்ற இலைகளால் தன் பூக்களைப் போர்த்திக்கொள்கிறது. தூரத்திலிருந்து பார்த்து நாம் 'பூ' என்று நினைப்பது அந்தப் போர்வையைத்தான்! உண்மையான ஊதாப் பூக்கள் உள்ளே கதகதப்பாக இருக்கும்.

இப்போது தூத்துக்குடிக்கு வாருங்கள். குளிருக்குப் பதில் இங்கே கொதிக்கிற மணல். பனிக்குப் பதில் உப்பு நீர். கண் எதிரே ஒரு கடலே இருக்கிறது, குடிக்க முடியாது! கருவாடு போடும்போது பார்த்திருப்பீர்களே, உப்புப் பட்டதும் மீனிலிருந்து நீர் வெளியேறிவிடும். சாதாரணச் செடியைக் கடலோரத்தில் நட்டால் அதன் கதியும் கிட்டத்தட்ட அதுதான்.

அடும்பு என்ன செய்கிறது? அதுவும் உயரமாக வளர்வதில்லை. மணலோடு மணலாகப் படர்கிறது. காற்றுக்கு முறித்துப் போட எதுவும் கிடைப்பதில்லை. இலை தடிப்பாக, வழவழப்பாக இருக்கும். உள்ளே இருக்கும் நீரை எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆணிவேர் ஆழமாக இறங்கும். கடலோர மணல்மேட்டைத் தோண்டினால் சில இடங்களில் நல்ல தண்ணீர் ஊறும் அல்லவா? மழைநீரை மணல் சேமித்து வைத்திருக்கிறது. அடும்பின் வேர் தேடுவதும் அந்த நீரைத்தான். கொடியின் கணுக்களிலும் வேர் விடும். காற்று மணலை அள்ளிக் கொட்டி மூடினால், மூடிய இடத்திலிருந்தே புதிதாகத் துளிர்த்து மேலே வந்துவிடும். மறுபடியும் மணல், மறுபடியும் துளிர். இப்படியே மேடு வளர்கிறது.

விதையின் கதை இன்னும் சுவையானது. ஒரு காயில் நான்கு விதைகள் இருக்கும். தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். கடலில் விழுந்தால் மூழ்காது. மாதக்கணக்கில் மிதந்தாலும் முளைக்கும் சக்தி போகாது. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பிரேசில் என்று வெப்பமான கடற்கரைகளில் எல்லாம் அடும்பு இருப்பது இதனால்தான். துறைமுகம் இல்லாமலே கப்பல் விட்ட கொடி!

சரி, இதையெல்லாம் இன்று ஏன் சொல்கிறேன்?

கடற்கரைத் தூய்மைப் பணிக்குப் பள்ளிகளிலிருந்து உங்களை அழைத்துப் போகிறார்கள். நல்ல காரியம். ஆனால் காற்றில் பறந்து வரும் பாலித்தீன் பைகள் போய்ச் சிக்குவது இந்தக் கொடிகளில்தான். குப்பையோடு சேர்த்துக் கொடியையும் 'களை' என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். பார்ப்பதற்குக் கடற்கரை பளிச்சென்று இருக்கும். ஆனால் மணலைப் பிடித்து வைத்திருந்த கை போய்விட்டதே!

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது, இலங்கைத் தீவு நடுவில் இருந்ததால் தூத்துக்குடிக்கு அடி குறைவு. நாகப்பட்டினம் பக்கம் அப்படி இல்லை. அங்கேயும் உயரமான மணல்மேடுகள் இருந்த இடங்களில் சேதம் குறைந்திருந்தது. மணல்மேடுகளைச் சிதைக்கக் கூடாது என்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் சொல்கிறது. மேட்டை வெட்டுவது தப்பு என்றால், மேட்டைக் கட்டுகிற கொடியை அறுப்பது மட்டும் எப்படிச் சரியாகும்?

அடுத்த முறை போகும்போது பையை மட்டும் எடுங்கள். சிக்கலாக இருந்தால் பொறுமையாக அவிழ்த்து எடுங்கள். அழைத்துப்போகும் ஆசிரியரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் போனால் பூவையும் பார்க்கலாம். எந்த ஊர்க் கடற்கரையில் பார்த்தீர்கள், கொடி எத்தனை அடி நீளம் என்று அளந்து எழுதி அனுப்புங்கள். முப்பது அடிக்கு மேல் யாராவது கண்டுபிடிக்கிறீர்களா, பார்க்கலாம்!

அன்புடன்,
ஆசிரியர்