தலைக்கு வந்தது தாடையோடு போயிற்று

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள் நம் பெரியோர். சென்ற தைத் திங்களில் என் பெரியப்பா மகனுக்கு அது தாடையோடு போயிற்று. இரவில், வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை ஒன்று அண்ணனை மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறிந்தது. தலையில் கவசம் இருந்தது. மண்டையில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அது மோவாயை மறைக்காத அரைக் கவசம்.

அடி பட்டது மோவாயில் மட்டுமே. முறிந்ததோ மூன்று இடங்களில்: மோவாயின் நடுவில் ஒன்று, இரு காதுகளுக்கும் முன்னே ஒவ்வொன்று. எனக்கு வியப்பாக இருந்தது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கினார். கீழ்த்தாடை குதிரை லாடம் போல் வளைந்தது. அதன் இரு முனைகளும் மண்டையோட்டில் பொருந்தியுள்ளன. ஓரிடத்தில் விழும் அடி வளைவு வழியே ஓடி, மெலிந்த கழுத்துப் பகுதியை முறிக்கிறது. ஒரு கன்னத்தில் குத்து விழுந்தால் மறுபக்கமும் முறிவது இதனால்தான். முளைக்காமல் புதைந்த ஞானப்பல் இருந்தால் தாடையின் கோணமும் நலிந்துவிடும். நம் வயதினர் கவனிக்க! மேல்தாடை முறியும் வழிகளை 1901-லேயே பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர் மூன்றாக வகுத்துவிட்டார்.

வாகன விபத்து, கைகலப்பு, விளையாட்டு எனக் காரணங்கள் பல. "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்று வரும் பெண்கள் எல்லோரும் வழுக்கி விழுந்தவர்கள் அல்லர் என்றார் மருத்துவர். அது தனிக் கட்டுரைக்குரியது.

அண்ணனின் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டினார்கள். வாரக்கணக்கில் உறிஞ்சு குழலில் கஞ்சியும் மோரும்தான். தலைமாட்டில் ஒரு கம்பிவெட்டி எப்போதும் இருந்தது. வாந்தி வந்தால் மூச்சடைக்குமுன் கட்டை வெட்டிவிட வேண்டுமாம். பெரியம்மா அதைப் பார்த்துப் பார்த்தே உறங்காமல் கிடந்தார்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கவசம் கேட்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அபராதத்தை 1000 ரூபாய் ஆக்கியது. நாமோ அபராதத்துக்கு அஞ்சி, கண்துடைப்பாக ஒரு சட்டியைக் கவிழ்த்துக்கொள்கிறோம். வியர்க்கிறது, முடி கலைகிறது என்கிறோம். என் கருத்து இதுதான்: மோவாய்க்குத் தடுப்பில்லாத கவசம் பாதிக் கவசமே; வாரைப் பூட்டாவிட்டால் அந்தப் பாதியும் இல்லை.

நம் கல்லூரி வண்டி நிறுத்தத்தில் ஒரு காலை நின்று பார்த்தேன். முழுக் கவசங்களை எண்ண ஒரு கை விரல்களே போதுமாக இருந்தன. அவற்றுள் ஒன்று அண்ணனுடையது; நான்தான் அணிந்து வந்திருந்தேன்.