சொல்லும் பயனும்: உரைத்துப் பார்த்தல்

பொன்னைக் கட்டளைக்கல்லில் தேய்த்து அதன் மாற்றை அறிவதற்கு 'உரைத்தல்' என்று பெயர். வாயால் சொல்லுதலும் உரைத்தலே. வடிவொத்த இவ்விரு சொற்களும் சேர்ந்து நமக்கு ஒரு நெறி கூறுகின்றன: உரைக்குமுன் உரைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் கொல்கத்தாவில், ஹூக்ளிக் கரையில், பிரின்ஸெப் துறை இருக்கின்றது. ஜேம்ஸ் பிரின்ஸெப் என்பார் அந்நாளைய கல்கத்தா நாணயச் சாலையில் உலோகங்களின் மாற்று அறியும் அதிகாரி. சாஞ்சிக் கல்வெட்டுப் படிகளில் பல சிறு வரிகள் ஒரே இரண்டு எழுத்துக்களில் முடிவதை அவர் கண்டார். இவை கொடையாளர் பொறித்தவையாயின் ஈற்றுச் சொல் 'தானம்' ஆகலாம் எனக் கருதினார். கருதியதோடு நில்லாது, பிற வரிகளிலும் அதனை ஒப்பிட்டுச் சரி பார்த்தார். அவ்வாறே 1837-இல் பிராமி எழுத்தின் புதிர் அவிழ்ந்தது. அசோகன் சாசனங்கள் பேசலாயின. அவற்றுள் சோழர், பாண்டியர் பெயர்களும் இருக்கக் கண்டோம்.

ஊரைப் பிரிந்து வாழும் நமக்கு வரன் பற்றிய செய்தியும், மனை பற்றிய செய்தியும் பெரும்பாலும் பிறர் வாய்மொழியாகவே வருகின்றன. ஒருவர் சொன்ன ஒரு சொல்லை மட்டும் கொண்டு ஒரு குடும்பத்தைத் தள்ளிவிட்டால், கெடுவது ஒரு பெண்ணின் வாழ்வாகவும் இருக்கலாம். கல்லில் ஓர் இழை இழுப்பதால் பொன் தேய்ந்து போகாது. இன்னும் இருவரைக் கேட்பதால் நம் மதிப்பும் குறைந்து போகாது.