லேகியம் வேண்டாம், டீச்சர்!

"டாக்டர், ஞாபக சக்திக்கு வல்லாரை லேகியம் ஏதாவது குடுங்களேன். படிச்சது ஒண்ணும் மனசுல நிக்க மாட்டேங்குது!"

இப்படிக் கேட்டுக்கொண்டு வந்தவர் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி அல்ல. 64 வயதான, ஓய்வு பெற்ற ஆசிரியை. மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். ஐந்து வயதுப் பேத்திக்குத் தமிழ் புரியும். ஆனால் வாயில் வருவது ஜெர்மன்தான். இலவசமாக மொழி கற்றுத்தரும் செயலி ஒன்றை மகன் கைபேசியில் போட்டுக் கொடுத்திருக்கிறார். எட்டு மாதமாக ஒரு நாள் விடாமல் படிக்கிறாராம்.

"எப்போ படிக்கிறீங்க டீச்சர்?"

"ராத்திரி வேலையெல்லாம் முடிஞ்சு, பதினோரு மணிக்கு மேலே. பன்னிரண்டு அடிக்கிறதுக்குள்ளே முடிச்சாத்தான் அன்னிக்கு கணக்குல சேரும். இல்லேன்னா சேர்த்தது எல்லாம் போயிடும்."

"பேத்திகிட்ட ஜெர்மன்ல பேசிப் பார்த்தீங்களா?"

"ஐயோ, தப்பாப் பேசினா சிரிப்பாளே!"

நோய் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. லேகியம் கொடுக்கவில்லை.

இலவசப் பாடங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல வானொலி, தொலைக்காட்சி நிறுவனம், 'நிக்கோஸ் வேக்' என்ற பாடத்தைக் கதைப் படமாகவே எடுத்து, ஆரம்ப நிலையான ஏ1 முதல் பி1 வரை காசு வாங்காமல் தருகிறது. எங்கள் காலத்தில் இதற்கு வழியே கிடையாது. நகையை அடகு வைத்துப் பயிற்சி வகுப்பில் பணம் கட்டுவதற்கு முன்னால், மூன்று மாதம் இலவசமாகப் படித்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். நமக்கு இது சரிப்படுமா என்று அதற்குள் தெரிந்துவிடும். ஜெர்மனிக்குப் போய்க் கணவரோடு சேர விரும்பும் பெண்ணுக்குப் பொதுவாக ஏ1 சான்றிதழ் தேவைப்படும். அந்தத் தேர்வுக்குக் கட்டணம் உண்டு. அடிப்படையை மட்டுமாவது இலவசமாகக் கற்றுக்கொண்டு போனால் செலவு குறையும்.

ஆனால், மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் பத்தியம் நாம்தான் இருக்க வேண்டும்.

முதல் பத்தியம் தூக்கம். பகலில் படித்ததை மூளை பதிய வைத்துக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நடு ராத்திரி வரை கைபேசி வெளிச்சத்தில் கண் விழித்துவிட்டு, ஞாபகம் நிற்கவில்லை என்றால் எப்படி? காலை காப்பிக்குப் பிறகு பதினைந்து நிமிஷம் போதும்.

இரண்டாவது, இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்ப்பது. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885-லேயே தம்மையே சோதித்து எழுதியிருக்கிறார். இன்று படித்த பத்து வார்த்தைகளை நாளை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று திருப்பிப் பாருங்கள். ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். நாங்கள் மருத்துவக் கல்லூரியில் பாடல்களை மனப்பாடம் செய்ததும் இப்படித் திரும்பத் திரும்பச் சொல்லித்தான்.

மூன்றாவதுதான் முக்கியம்: வாயைத் திறந்து பேசுவது. படத்தைத் தொட்டு விடை சொல்வதில் கைதான் பழகும், நாக்கு பழகாது. செயலி காட்டும் நாள் கணக்கு, நாம் விடாமல் திறந்தோம் என்பதற்கு மட்டுமே சாட்சி.

"டாக்டர், புது மொழி படிச்சா மறதி நோய் வராதாமே?" என்று பலர் கேட்கிறார்கள். ஹைதராபாத்தில் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. ஆனால் கவனியுங்கள்: இவர்கள் வாழ்க்கையில் மொழிகளைப் பேசிப் பழகியவர்கள். அறுபது வயதில் கைபேசியில் படித்தால் நோய் வராது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மூளைக்கு நல்ல வேலை, மனசுக்கு உற்சாகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், போதும். தெரிந்த முகமோ, பழகிய தெருவோ மறந்துபோனால் மட்டும் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

டீச்சருக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டில் மருந்தே இல்லை. 'ராத்திரி பத்து மணிக்குக் கைபேசி அணைக்கவும். ஞாயிறுதோறும் பேத்தியிடம் மூன்று ஜெர்மன் வாக்கியம் பேசவும். பதிலுக்கு மூன்று தமிழ் வாக்கியம் சொல்லிக் கொடுக்கவும்.' அவ்வளவுதான்.

ஆறு வாரம் கழித்து வந்தார். "ஹாஸ்ட் டு ஹுங்கர்னு கேட்டேன் டாக்டர். பசிக்குதான்னு அர்த்தம். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம், அப்படி இல்லே பாட்டின்னு சொல்லிக் குடுத்தா."

"உங்க கணக்கு என்னாச்சு?"

"அது நடுவுலே நாலு நாள் அறுந்து போச்சு. போனாப் போகட்டும் டாக்டர். இப்போ அவளே ஞாயித்துக்கிழமை ஆனா போன் பண்ணச் சொல்றாளாம்!"