பதினேழு வயதுத் தாய்க்குக் கதவடைப்பா?

கிராம நர்ஸம்மா தெருவுக்குள் நுழைந்தால் கர்ப்பிணிப் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். எடை பார்க்க வேண்டும், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், இரும்புச்சத்து மாத்திரை வாங்க வேண்டும். ஒரு வீட்டுக் கதவு மட்டும் திறப்பதில்லை. "மகள் சித்தி ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று தாயார் சொல்லியனுப்புவார். மகள் எங்கும் போகவில்லை. உள்ளேதான் இருக்கிறாள். வயது பதினேழு, மாதம் ஆறு.

ஆலங்குடி தாலுகாவுக்கு மட்டும் உரிய கதையல்ல இது. 2019-21ல் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 12.8 பேருக்குப் பதினெட்டு ஆகுமுன்பே கல்யாணம் நடந்திருக்கிறது. எட்டுப் பேரில் ஒருவர்! அந்த ஒருவர் பெரும்பாலும் எந்த வர்க்கத்து வீட்டுப் பெண் என்பதை நமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மச்சு வீட்டுப் பெண் பதினேழு வயதில் பரீட்சைக்குப் படிக்கிறாள். கூலிக்காரர் மகள் பத்தாவதோடு நின்று, கீரமங்கலம், வடகாடு பக்கம் பூப் பறிக்கவோ, வெளி ஜில்லாவில் பஞ்சாலை விடுதிக்கோ போகிறாள். பெற்றவர்கள் இருவரும் வேலைக்குப் போனபின் பெண்ணைத் தனியே விட்டுவைக்கப் பயந்து, வந்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து விடுகிறார்கள். சில பெண்கள் விரும்பியவனோடு தாமே போய்விடுகிறார்கள். (நமது சங்கத் தோழர்களிலும் சிலர் மகளைப் பதினாறில் கட்டிக்கொடுத்துவிட்டு, பத்திரிகையில் சங்கத் தலைவர் பெயரையும் அச்சடித்து விடுகிறார்கள். தலைவரும் போய் வாழ்த்துகிறார்!)

கதவு சாத்தப்படுவது வெட்கத்தால் மட்டுமல்ல, பயத்தால். 2012ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அனைவரும் குழந்தைகள். விஷயம் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கே தண்டனை. தாலி கட்டிய கணவனுக்கும் விலக்கில்லை என்று 2017 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சிறுமிகளைச் சீரழிக்கும் கயவர்களை விடக்கூடாது. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் குடிசையில் நடப்பது என்ன? நர்ஸம்மாவின் ஏட்டில் வயது ஏறினால் போலீஸ் வரும், இருபத்தோரு வயதுக் கூலிப் பையன் ஜெயிலுக்குப் போவான், உலை வைக்க அரிசி இராது என்று குடும்பம் கணக்குப் போடுகிறது. காப்பாற்ற வந்த சட்டத்துக்குப் பயந்து, காப்பாற்ற வந்த நர்ஸுக்கே கதவைச் சாத்துகிறது.

உள்ளே இருப்பவளுக்கு உடம்பு இன்னும் வளர்ந்து முடியவில்லை. இடுப்பெலும்பும் முழு வளர்ச்சி பெற்றிருக்காது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே சோற்றில் பங்கு. ரத்தசோகை, பேறுகால வலிப்பு, எடை குறைந்த குழந்தை ஆகிய மூன்று ஆபத்தும் இந்த வயதில் அதிகம். ரத்த அழுத்தம் ஏறுவதை மாதாமாதம் பார்த்தால் முன்கூட்டியே கண்டுபிடித்து மருந்து கொடுக்கலாம். ஒரு தடவைகூடப் பார்க்காமல், வலிப்பு வந்த ராத்திரியில் 108 வண்டியில் ஏற்றினால் எத்தனை உயிர் தப்பும்?

இன்னொரு கதவைச் சர்க்காரே சாத்தி வைத்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நமது புதுக்கோட்டை பெற்ற பெண். 1927ல் சென்னைச் சட்டசபைக்குள் அடியெடுத்து வைத்த முதல் பெண். சிறுமிகளின் கல்யாண வயதை உயர்த்த வேண்டுமென்று வாதாடியவர். அவர் பெயரால் தரும் மகப்பேறு உதவி 2018ல் 18,000 ரூபாய் ஆக்கப்பட்டது. ரொக்கம் 14,000, ஊட்டச்சத்துப் பெட்டகம் 4,000. ஆனால் விதி என்ன? தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டுமாம். பத்தொன்பது வயதுக்காரிக்கு நெய்யும் பேரீச்சம்பழமும்; அவளைவிட மெலிந்த பதினேழு வயதுக்காரிக்குக் கைவிரிப்பு!

பணம் கொடுத்தால் பால்ய விவாகம் பெருகும் என்கிறார்கள் அதிகாரிகள். பதினெட்டாயிரம் ரூபாய்க்காக எந்தத் தகப்பன் மகளைக் கட்டிக்கொடுப்பான்? இத்தனை வருஷம் கொடுக்காமல் இருந்தும் கல்யாணம் நின்றுவிடவில்லையே! ஜனனி சுரக்ஷா திட்டத்தில் இதே வயது நிபந்தனையை மத்திய சர்க்கார் 2013லேயே எடுத்துவிட்டது. அங்கே தொகை சொற்பம். சொற்பத்துக்கு நிபந்தனை இல்லை, பெருந்தொகைக்கு உண்டு என்பது என்ன நியாயம்?

கியூபா பணக்கார நாடல்ல. புரட்சி நடந்த மூன்றே வருஷத்தில், 1962ல், அங்கே கர்ப்பிணிகள் தங்கும் இல்லங்களைத் திறந்தார்கள். ஆபத்துள்ள தாய் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கிச் சாப்பிட்டு ஓய்வெடுக்கலாம். 1984 முதல் டாக்டரையும் நர்ஸையும் ஜனங்கள் வசிக்கும் தெருவிலேயே குடிவைத்தார்கள். இங்கோ, சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், ஒரு நர்ஸ் என்பது கணக்கு. பக்கத்து நிலையம் காலியாகக் கிடந்தால் அந்தச் சுமையும் அவர் தலையில். புதன்கிழமை தடுப்பூசி, மற்ற நாளில் வீடுவீடாக நடை, இரவில் கம்ப்யூட்டரில் பதிவு. இதற்குமேல் போலீசுக்குத் துப்புச் சொல்லும் வேலையுமா?

கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை டாக்டர் போலீசுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. பிள்ளை பெறப்போகும் சிறுமிக்கும் அந்தப் பாதுகாப்பைச் சட்டமாக்க வேண்டும். பலாத்காரம் நடந்த இடத்துக்குப் போலீஸ் வரட்டும். எந்த வீட்டுக்கும் நர்ஸ் முதலில் வரட்டும். 19 வயது நிபந்தனையை மாநில சர்க்கார் உடனே ரத்து செய்ய வேண்டும். காலி நர்ஸ் இடங்களை நிரந்தர நியமனம் மூலம் நிரப்ப வேண்டும். பிள்ளை பெற்ற பெண் திரும்பப் பள்ளிக்கூடம் வந்தால் தலைமையாசிரியர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தோழர்களே, மே முதல் தேதி ஊர்தோறும் கிராம சபை கூடும். ஆலங்குடி வட்டாரத்துச் சங்கக் கிளைகள் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். எந்தப் பெண்ணின் பெயரையும் அங்கே உச்சரிக்கக் கூடாது. மாதர் சங்கத்தில் நம்பிக்கையான இருவரை இப்போதே தேர்ந்தெடுங்கள். நர்ஸம்மா அடுத்த தடவை வரும்போது, சாத்திய கதவை அவர்கள் போய்த் தட்டட்டும். சிறுமிக்குக் கல்யாணம் பேசும் சேதி வந்தால், பந்தக்கால் நடுமுன்பே 1098க்குச் சொல்லட்டும்.